முன்பணமும் கையெழுத்தும்

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு ஒப்பந்தம் முதன்முதலில் முன்பணமாகத்தான் வந்து சேர்ந்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் கங்காணிகள் இந்த அடிவாரத்துக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இறங்கி வந்தார்கள். மழை பொய்த்த வருஷம், மகள் கல்யாணம், வட்டிக்காரர் திண்ணையில் வந்து உட்கார்ந்த நாள் என்று நேரம் பார்த்து வர அவர்களுக்குத் தெரியும். பணத்தைக் கையில் கொடுத்து, காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஆளை மலைக்கு ஏற்றிவிடுவார்கள். முன்பணம் கழிகிறவரைக்கும் வேலை. எவ்வளவு கழிந்தது என்கிற கணக்கு கங்காணியின் நோட்டில் இருக்கும். கைநாட்டு வைத்தவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டவும் அங்கே ஆள் கிடையாது.

இதை வெறும் கடன் கதையாகப் பார்த்தால் பாதிதான் புரியும். பிரிட்டிஷ் இந்தியாவில் முன்பணத்துக்குப் பின்னால் சட்டமே நின்றது. 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வேலையைச் செய்து முடி என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். இரண்டும் நடக்காவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. இரண்டு வியாபாரிகளுக்குள் பேச்சு மாறினால் அது சிவில் வழக்கு. கூலியாள் பேச்சு மாறினால் குற்றம். மதராஸ் மாகாணத் தோட்ட முதலாளிகளுக்கென்று 1903-ல் தனிச் சட்டம் ஒன்றும் வந்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏலமலை திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம், அங்கே ஆட்சி வேறு. ஆனால் ஆளெடுப்பு நடந்தது எங்கள் பக்கத்தில், இதே முன்பண வழியில்.

இப்போது விடிவதற்கு முன்பே போடியிலிருந்து ஜீப் ஏறிக் காய் எடுக்கப் போகிற பெண்கள் சாயங்காலம் வீடு திரும்பிவிடுகிறார்கள். வேறு தோட்டத்தில் கூலி கூட என்று தெரிந்தால் மறுநாள் வேறு ஜீப்பில் ஏறுகிறார்கள். கூலியும் வேலை நிலைமையும் மேம்பட்டதற்குச் சங்கங்களும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் காரணம்தான். இருந்தாலும் ஜீப் மாறி ஏறுகிற உரிமையைத்தான் நான் முதலில் வைப்பேன். எங்கள் அப்பத்தா முன்பணக் காலத்தைக் கண்டவர். மலையில் என்ன கஷ்டம் என்று கேட்டால் அட்டை, குளிர், காய்ச்சல் எதையும் சொல்ல மாட்டார். “நெனச்சா எறங்க முடியாதுப்பா” என்பார்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கபடிதான் என் விளையாட்டு. என்னிடம் பழகிய பையன்கள் வேலை உத்தரவு, கிளப் ஒப்பந்தம், லீக் ஒப்பந்தம் என்று ஏதாவது ஒரு காகிதத்தோடு வந்து, “சார், இதுல கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்பார்கள். தொகை எழுதிய பக்கத்தை விரலால் மடித்து அடையாளம் வைத்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைக் கடைசியில் பார்ப்போம், முதலில் இதிலிருந்து நீ எப்போது, எப்படி வெளியே வரலாம் என்று எழுதியிருக்கிற பக்கத்தைத் தேடு என்பேன். விளையாட்டு ஒப்பந்தங்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க இந்தப் பிடிவாதம் எனக்குக் கூடிக்கொண்டேதான் போகிறது.

நம் நாட்டில் ஆட்டக்காரருக்கு முதலில் கிடைத்தது ஒப்பந்தமே அல்ல, உத்தியோகம். செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலனின் பந்துவீச்சைக் கண்டு அவரை வளர்த்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். அவர் வேலை பார்த்த பர்மா ஷெல் கம்பெனியிலேயே கோபாலனுக்கும் வேலை ஏற்பாடானது. கோபாலன் கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கம் வென்றது. இங்கிலாந்தில் அவருக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவருக்குச் சோறு போட்டது வேலைதான். ஆட்டத்தை ஆட்டமாகத் தந்துவிட்டு, வயிற்றுப்பாட்டைக் கம்பெனியிடம் ஒப்படைப்பது, இதுதான் அடுத்த ஐம்பது அறுபது வருஷம் தமிழ்நாட்டில் நடந்தது.

எங்கள் மாவட்டத்தில் அதைக் கண்ணால் பார்க்கப் பெரியகுளம் போனால் போதும். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்துகிற அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ரயில்வே, ராணுவம், கடற்படை என்று அணிகள் வரும். பனியனில் இருப்பது ஊர்ப் பெயரல்ல, சம்பளம் தருகிற இடத்தின் பெயர். ராத்திரி விளக்கொளியில் அந்த ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு நன்றாக ஆடினால் வங்கி வேலை என்ற கணக்கு மனப்பாடம். கபடியிலும் அதே கணக்குதான். 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனுக்கு வாழ்க்கையைத் தாங்கிக்கொடுத்தது மின்வாரிய வேலை.

இந்த முறையை நான் குறைவாகப் பேச மாட்டேன். காலில் அடிபட்டு ஆட்டம் முடிந்துபோனாலும் சம்பளம் நிற்காது; ஓய்வூதியமும் உண்டு. இன்றைய லீக் காகிதங்களில் இவ்வளவு பாதுகாப்பை நான் கண்டதில்லை. ஆனால் வேலை உத்தரவும் ஓர் ஒப்பந்தம்தான் என்பதை எங்கள் பிள்ளைகள் நினைத்துப் பார்ப்பதில்லை. வெளியே ஆட வேண்டும் என்றால் துறையின் ஆட்சேபனை இல்லாச் சான்று வேண்டும். அது வருவதற்குள் போட்டி முடிந்துபோன கதைகள் ஏராளம். வேலையில் சேருகிற அன்றே இதற்கு யாரிடம், எத்தனை நாள் முன்னால் எழுத வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள்.

உத்தியோகம் இல்லாத இடத்தில் ஆட்டக்காரர் நிலை என்ன என்பதற்கு 1983-ஐ நினைத்துக்கொள்ளலாம். உலகக் கோப்பையை வென்று வந்த அணிக்குக் கொடுக்கக் கிரிக்கெட் வாரியத்திடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் கச்சேரி செய்து திரட்டித் தந்த நிதியிலிருந்து ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள். இறுதி ஆட்டத்தில் இரு தரப்பிலும் அதிக ரன் எடுத்த நம் சென்னை ஸ்ரீகாந்தும் அதில் ஒருவர். பாடகி மனம் இரங்கித் தந்தது பெரிய காரியம். ஆனால் உலகக் கோப்பை வென்றவனுக்குக் கூலி இன்னொருவர் இரக்கத்தில் வந்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. கையில் ஒப்பந்தம் இருந்தால் அது உரிமையாக வந்திருக்கும்.

நிலைமை தலைகீழாக மாறியது 2002-ல். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் தன் விளம்பரதாரர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, போட்டி நடக்கும் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் சில நாட்களும் அவர்களுக்குப் போட்டியான கம்பெனிகளின் விளம்பரத்தில் ஆட்டக்காரர்கள் தோன்றக் கூடாது என்று நிபந்தனை போட்டது. கொழும்பில் நடக்கவிருந்த சாம்பியன்ஸ் டிராபிக்கு முன்னால் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட இந்திய வீரர்கள் மறுத்தார்கள். எங்கள் முகம் எங்களுடையது, அதை எங்களைக் கேட்காமல் நீங்கள் எப்படி விற்றீர்கள் என்பதுதான் கேள்வி. பல வாரம் இழுபறி நடந்து, நிபந்தனைகளைத் தளர்த்திய பிறகே அணி கொழும்புக்குப் போனது. இந்தியாவில் ஆட்டக்காரர்கள் ஒரே குரலில் நின்று ஒப்பந்த வாசகத்தை மாற்ற வைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் பெரிய அளவில் முதல் முறை. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் வாரியம் வீரர்களைத் தரம் பிரித்து ஆண்டு ஒப்பந்தம் போடத் தொடங்கியது.

வெளிநாட்டு வரலாறு நம் கங்காணி நோட்டுக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. இங்கிலாந்தில் கால்பந்து வீரரின் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 20 பவுண்ட். 1961-ல்தான் அது நீங்கியது. அதைவிடக் கொடுமை, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரரைக் கிளப் தன் பதிவில் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்ற விதி. நியூகாஸிலை விட்டுப் போக விரும்பிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாமை கிளப் விடவில்லை. அவர் ஆடாமல் வேறு வேலைக்குப் போய், வழக்கும் போட்டார். அந்த விதி தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுக்கிறது என்று 1963-ல் தீர்ப்பு வந்தது. பெல்ஜியத்தின் ஜான்-மார்க் போஸ்மான் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன பிறகு, ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு கிளப்புக்குப் போனால் பழைய கிளப் மாற்றுத் தொகை கேட்க முடியாது என்றானது. அதன்பின் சம்பளம் எங்கே போனது என்று ஊரறியும்.

இவர்கள் எல்லாரிலும் எனக்கு மிக நெருக்கமானவர் அமெரிக்க பேஸ்பால் வீரர் கர்ட் ஃபிளட். 1969-ல் செயின்ட் லூயிஸ் அணி அவரைக் கேட்காமலே பிலடெல்பியாவுக்கு மாற்றியது. கறுப்பினத்தவர். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்கியவர், அந்தக் காலத்தில் பெரும் சம்பளம். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். நான் வாங்கி விற்கிற சரக்கல்ல என்று பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதிவிட்டு வழக்குப் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்டக் காலமும் அதற்குள் முடிந்துபோயிருந்தது. மூன்று வருஷம் கழித்து, 1975-ல், வேறு இரண்டு பந்துவீச்சாளர்களின் வழக்கில் மத்தியஸ்தர் தீர்ப்பு வந்து, வீரரை அணியோடு கட்டிவைத்த விதி உடைந்தது. பலன் மற்றவர்களுக்குப் போனது. பெரிய சம்பளம் வாங்குகிறவனுக்கு இறங்கிப் போகிற உரிமை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் ஃபிளட்டின் கதையைத்தான் சொல்வேன்.

இந்தியாவில் இதற்கு நிகரான ஒரு வழக்கு உண்டு. ஒவ்வொரு இளம் ஆட்டக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டியது. வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கான் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில், அணிக்குள் அப்போதுதான் வந்திருந்த இளைஞராக, பெர்செப்ட் டிமார்க் என்ற நிறுவனத்தோடு மூன்று வருஷ ஒப்பந்தம் போட்டார். விளம்பர வாய்ப்புகளை அந்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அதில் ஒரு வாசகம்: காலம் முடிந்த பிறகு வேறு யாராவது அவரிடம் ஒப்பந்தம் பேசினால், அதே நிபந்தனையை முதலில் பெர்செப்ட்டுக்குக் காட்டி, அவர்கள் ஈடு கொடுக்க முன்வந்தால் அவர்களோடுதான் தொடர வேண்டும். 2003-ல் ஜாகீர் விலகி வேறு நிறுவனத்துக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஒருவரைக் கட்டிவைக்கும் இப்படிப்பட்ட நிபந்தனை, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது என்ற பார்வையை ஏற்று, பெர்செப்ட்டின் முறையீட்டை நீதிமன்றம் தள்ளியது. ஒப்பந்தம் நடப்பில் உள்ள காலத்தில் ‘எங்களுக்கு மட்டும்தான்’ என்று கட்டுப்படுத்துவதைச் சட்டம் பொதுவாக ஏற்கும். முடிந்த பிறகு துரத்துவதை ஏற்காது. முகவர்கள் நீட்டுகிற காகிதத்தில் காலம் எப்போது முடிகிறது, முடிந்தபின் என்ன என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இனி கபடிக்கு வருகிறேன். 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியபோது முதல் ஏலத்தில் அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.80 லட்சம், பாட்னா அணி. 2018-ல் மோனு கோயத் 1.51 கோடி. 2022-ல் பவன் செஹ்ராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. திருவிழாக் கபடியில் போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் பேசி ஆடிய தலைமுறை நான். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது கண் கலங்கியது உண்மை. அக்டோபரில் அணியின் முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடிபட்டது. அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. அவர் பெரிய ஆட்டக்காரர். அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. ஏலத்தின் அடிமட்டப் பிரிவான கேட்டகிரி டி-யில் 9 லட்சத்துக்குப் போகிற எங்கள் ஊர்ப் பையனுக்கு அதே முழங்கால் போனால் அடுத்த ஏலம் உண்டா? அவனுடைய காகிதத்தில் காயம் என்ற சொல் எங்கே வருகிறது, ஆபரேஷன் செலவு யாருடையது, ஆடாத நாட்களுக்குத் தொகை குறையுமா, இதையெல்லாம் கையெழுத்துக்கு முன் அறிந்தாக வேண்டும்.

ஏலம் என்றால் போடிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2007-ல் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் வந்ததிலிருந்து வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். மாதிரிக் காயைக் கையில் எடுத்து நிறம் பார்ப்பார்கள், பருமன் பார்ப்பார்கள், லிட்டர் எடை பார்ப்பார்கள். ஆனால் விலை கட்டுபடியாகவில்லை என்றால் விவசாயி தன் லாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த ஏலத்துக்கு வைக்கலாம். ஆட்டக்காரர் ஏலத்தில் பெயரைக் கொடுத்த பின் அந்த வசதி இல்லை. எந்த அணி எடுத்ததோ அங்கேதான் ஆட வேண்டும். இன்னோர் அணி கேட்ட விலையையே ஈடு செய்து பழைய அணி அவனைத் திரும்ப இழுத்துக்கொள்ளவும் கபடியில் விதி உண்டு; அதிலும் அவன் விருப்பம் கேட்கப்படுவதில்லை. ஐபிஎல்லில் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி, ஏலத்தில் எடுக்கப்பட்ட பின் தக்க காரணமின்றி விலகினால் இரண்டு சீசன் தடை. 2025-ல் இங்கிலாந்தின் ஹாரி புரூக் அந்தத் தடைக்கு ஆளானார். அணிகள் திட்டமிட வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் காய்க்கு இருக்கிற வசதி ஆளுக்கு இல்லை என்பதை ஏலமலை அடிவாரத்தில் உட்கார்ந்து என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் புதுப் பையன் எதைத்தான் பேசிப் பெற முடியும்? விலையை ஏலம் தீர்மானிக்கிறது, அதில் பேச்சுக்கு இடம் இல்லை. சேலம் சின்னப்பம்பட்டிக் கிரிக்கெட் வீரர் நடராஜன் 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனது அவர் பேசிப் பெற்றதல்ல, பந்து பேசியது. பேசக்கூடியவை வேறு. முகவருக்கு எத்தனை சதவீதம், எந்தெந்த வருமானத்தில், எத்தனை வருஷம்? லீக்குக்கு வெளியே ஊர்ப் போட்டியிலும் துறைப் போட்டியிலும் ஆட அனுமதி எப்படி? தொகை எத்தனை தவணை, தேதி தவறினால் என்ன? தகராறு வந்தால் எந்த ஊரில் வழக்கு? மும்பையில் மத்தியஸ்தம் என்று எழுதிவிட்டால், போடி பக்கத்துச் சிலமலைப் பையன் தன் பாக்கிப் பணத்துக்காக எத்தனை முறை ரயில் ஏறுவான்?

என்னிடம் பழகிய ஒருவனுக்கு இது நடந்தது. பெயர் தெரியாத ஒரு சின்ன லீக். முதல் தவணையோடு நின்றுவிட்டது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது அவனுக்கு வயது 17. அவன் அப்பாவும் சாட்சியாக மட்டும் போட்டிருந்தார். பதினெட்டு நிறையாதவர் போடும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1903-லேயே மோகரி பீபி வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு சிறுவர்களைக் காக்க வந்தது. ஆனால் காகிதமே செல்லாது என்றால் அதை வைத்துப் பாக்கியைக் கேட்பதும் சிக்கல்தான். “பத்தாயிரம் முன்பணம் கையில குடுத்தாங்க சார், அதான் நம்பிட்டேன்” என்றான். எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது.

பெண்பிள்ளைகள் நிலை இன்னும் பின்தங்கியது. 2016-ல் மூன்று அணிகளோடு பெண்கள் கபடிப் போட்டி ஒன்றைப் புரோ கபடி லீக் அமைப்பே நடத்தியது. அடுத்த ஆண்டு தொடரவில்லை. கிரிக்கெட்டில் 2023-லிருந்து மகளிர் லீக் நடக்கிறது, கபடியில் அதற்கு இணையாக ஒன்றும் நிலைக்கவில்லை. எங்கள் மைதானத்தில் பையன்களைத் தூக்கிப் போடுகிற பெண்பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இன்றும் கண்ணில் தெரிகிற ஒரே ஒப்பந்தம் போலீஸ், ரயில்வே வேலை உத்தரவுதான்.

தேனி மாவட்டத்துப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். எந்தக் காகிதம் வந்தாலும் ஒரு நகல் வாங்கி, இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். இரண்டு நாள் தர மறுக்கிறவரிடம் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று விட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் எல்லாருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. தேனியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. பெரியகுளம் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். காகிதத்தை எடுத்துக்கொண்டு கையெழுத்துக்கு முன்னால் போங்கள்.